ஆக்ஸ்பரோ மாளிகையின் வாயிற்கோபுரம்

இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் மாவட்டத்தில், நாற்புறமும் அகழி சூழ்ந்த ஆக்ஸ்பரோ மாளிகையின் வடக்கு வாயிலில், சுமார் 80 அடி உயரத்திற்கு எழும்பி நிற்கும் இக்கோபுரம், அந்நாட்டுச் செங்கற் கட்டடக் கலையின் மிகச் சிறந்த நிர்மாணங்களுள் ஒன்று. சர் எட்மண்ட் பெடிங்ஃபீல்டு என்னும் பிரபு, தம் இல்லத்திற்குக் கொத்தளமும் கோபுரமும் எழுப்பிக்கொள்ள 1482-ஆம் ஆண்டில் நான்காம் எட்வர்டு மன்னரிடம் அனுமதிப் பத்திரம் பெற்றார். கட்டடத்துக்கேற்ற நல்ல கல் அப்பிரதேசத்தில் அரிது, களிமண்ணுக்கோ குறைவில்லை. ஆகவே, பூச்சு ஏதும் மறைக்காத செங்கல்லே இங்கு சுவராகவும் அலங்காரமாகவும் அமைந்தது.

வாயிலின் இருமருங்கிலும் பல கோண வடிவில் ஓங்கிய இரு தூபிகளையும் உச்சியில் ஒரு வளைவு இணைக்கிறது. கீழே வரும் பகைவர்மீது கற்களை வீழ்த்துவதற்கான திறப்பு அவ்வளைவின் பின்னே உண்டு. எனினும் வாயிலுக்கு நேர்மேலே, அகழியை நோக்கியே, பெரிய சாளரங்களைத் திறந்துவைத்தவர் முற்றுகைக்கு அஞ்சி வாழ்ந்தவர் என்று கொள்ள இடமில்லை. குலப்பெருமையைத் தொலைவிலேயே அறிவிப்பதுதான் இக்கோபுரத்தின் முதற் பிரயோஜனம் என்பது தெளிவு. 1487-இல் ஏழாம் ஹென்றி மன்னர் இங்கு விருந்தினராக எழுந்தருளிய காரணத்தால், வாயிலின் மேலுள்ள அறை இன்றும் அரசர் அறை என்றே வழங்குகிறது. தூபி ஒன்றினுள் சுழன்றேறும் படிக்கட்டைச் சற்று நின்று கவனிக்க வேண்டும்: விதானமும் செங்கல், ஏறுவோர் பற்றிக்கொள்ளும் கைப்பிடியும், சுவரினுள்ளேயே குடைந்தாற்போல் செங்கல்லைக் கொண்டே வடிக்கப்பட்டது. அரசர் அறையை அடுத்த சிற்றறையின் தரையில், ஓடு பதித்த ஒரு கதவு சுழன்று திறந்து, கத்தோலிக்கக் குருமார் பதுங்கியிருந்த சிறு குழிக்கு வழிவிடும். அச்சமயத்தவர் தண்டிக்கப்பட்ட காலத்திலும் பெடிங்ஃபீல்டு குடும்பத்தினர் தம் சமயத்தைக் கைவிடவில்லை.

பிற்காலத்து மாறுதல்களில் மிகப் பெரியது ஒரு நஷ்டமே. 1775-இல், முற்றத்தின் எதிர்ப்புறத்தில் வாயிலை நோக்கி நின்ற பழைய பெருமண்டபம் இடித்துத் தள்ளப்பட்டது. வாயில் எந்த மண்டபத்திற்கு முகமாக அமைந்ததோ, அந்த மண்டபம் இல்லாமற் போயிற்று. 1830-களில் பெடிங்ஃபீல்டு குடும்பத்தில் ஆறாம் பாரனட் என்னும் பரம்பரைப் பட்டம் தாங்கியவர் தொடங்கிய ஜீர்ணோத்தாரணத்தில், ஜான் செசல் பக்லர் என்னும் கட்டடச் சிற்பி மாளிகையின் தென்கிழக்கு மூலையில் புதுக் கோபுரம் ஒன்றையும், சுடுமண் அலங்காரம் மிக்க புகைபோக்கிகளையும் சேர்த்தார். மூலக் கோபுரமே அவருக்கு இலக்கணமாக நின்றது. அதைத் திருத்த முற்படாமல் அதன் வழியே மற்றவற்றைத் திருத்திய அவருடைய விவேகம் போற்றத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மாளிகை விற்பனையாகி இடிபடும் தறுவாய்க்கு வந்தபோது, அக்குடும்பத்துப் பெண்மணிகள் அதை மீட்டு, 1952-இல் தேசிய அறநிலையமான நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்தனர். 2016-இல் கூரைச் சாளரம் ஒன்று முற்றத்தில் இடிந்து விழுந்ததைத் தொடர்ந்து கூரை முழுவதும் செப்பனிடப்பட்டது. அப்பணியின்போது, 2020-இல், கூரைப் பகுதியிலிருந்து, பதினைந்தாம் நூற்றாண்டு லத்தீன் விவிலியச் சங்கீத ஏடு ஒன்றின் துண்டும், 1568-இல் அச்சான பிரார்த்தனை நூல் ஒன்றும் வெளிப்பட்டன.