துரைசானி வரைந்த பூக்கள்

சித்திரை மாதத்து நண்பகலில் வண்டியூர்த் தெப்பக்குளக் கரையில் நின்றவர்களுக்கு, வெள்ளைக்காரர்கள் ஏன் மலையைத் தேடி ஓடினார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. மதுரைக்கு வந்த அமெரிக்கப் பாதிரிமார் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தம்மவர் பலரைப் பறிகொடுத்த பிறகு, 1845-இல் கோடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டார்கள். பின்னால் வந்த துரைமார்களில் அநேகருக்கு அது கோடையைக் கழிக்கும் இடம், அவ்வளவுதான். எமிலி போர்ன் என்ற துரைசானிக்கோ அது பாடசாலையாகிவிட்டது.

அவருடைய கணவர் ஆல்பிரட் போர்ன், 1886-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு உயிரியல் பேராசிரியராக வந்தவர். தேளும் மண்புழுவும் அவர் ஆராய்ந்த பிராணிகள். 1888-இல் அவரை மணந்த எமிலி, கணவரோடு பழனி மலையில் அலைந்து காட்டுச் செடிகளைச் சேகரித்தார். அவற்றை வரையவும் செய்தார்.

பூவை வரைவது பொழுதுபோக்குத்தானே என்று எண்ணிவிடக் கூடாது. காகிதங்களுக்கிடையே அழுத்தி உலர்த்திய செடியில் நிறம் மங்கிவிடும், இதழ் சருகாகிவிடும். பூ வாடுவதற்குள் அதைப் பிரித்துப் பார்த்து, மகரந்தக் கேசரம் எத்தனை, சூலகம் எப்படி என்று பிசகாமல் வரைந்து வைத்தால்தான் பின்னால் வருகிறவனுக்கு அடையாளம் தெரியும். அழகுணர்ச்சி மட்டும் போதாது; கண்ணில் நேர்மை வேண்டும்.

அதே கல்லூரியில் தாவரவியல் போதித்த பைஸன், நீலகிரியிலும் பழனி மலையிலும் 6,500 அடிக்கு மேல் பூக்கும் செடிகளைப் பற்றி 1915-இல் நூல் வெளியிட்டார். அதில் 286 முழுப்பக்கப் படங்கள். அவற்றை வரைந்த கைகளில் எமிலியின் கையும் ஒன்று. பைஸனின் மனைவியின் கை மற்றொன்று. நூலகத்தில் புத்தகத்தைக் கேட்டால் பைஸன் பெயரைச் சொல்லித்தான் கேட்கவேண்டும்.

ஆனால் காம்பிள் என்ற தாவர அறிஞர், துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பழனி மலைச் செடிக்கு 'பிளெக்டிராந்தஸ் போர்னியே' என்று பெயர் சூட்டினார். லத்தீன் இலக்கணப்படி அந்தக் கடைசி 'யே' பெண்பால் விகுதி. கணவருக்குச் சூட்டியிருந்தால் 'போர்னி' என்று முடிந்திருக்கும். இத்தனை உழைப்புக்கும் மிஞ்சிய புகழ் ஒரு விகுதி!

அதுவும் பாக்கியந்தான். மோட்டார் சாலை வருமுன் துரைசானிகளை நாற்காலியில் வைத்து அந்த மலை மேல் சுமந்தார்களே, நம் கூலியாட்கள். அவர்களுக்கு அந்த ஓரெழுத்தும் வாய்க்கவில்லை.