திசைதிருப்பலும் மக்கள் எதிர்ப்பும்: ஆர்ஜென்ரீன அனுபவம், 1976 - 1983

உள்நாட்டு நெருக்கடி முற்றும்போது மக்களின் கவனத்தை வேறொன்றின்பால் ஈர்த்துவிடுதல், ஆட்சியாளர் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் உபாயமாகும். இதுபற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஆட்சியாளரின் சூழ்ச்சித் திறனையும் மக்களின் ஏமாளித்தனத்தையும் கூறி அமைந்துவிடுவர். அவ்விளக்கம் போதாது என்பதே எமது கருத்து. அது ஏன் போதாது என்பதை, ஆர்ஜென்ரீனாவின் தலைநகரான புவெனஸ் அயர்ஸில், அரச மாளிகைக்கு எதிரே அமைந்துள்ள மாயோ சதுக்கத்தில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு நோக்குவோம்.

1976 மார்ச் 24ஆம் நாள் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவக் குழு ஆறாண்டுகளை நிறைவுசெய்திருந்த வேளை அது. பணவீக்கம் முந்திய ஆண்டில் நூறு சதவீதத்தைக் கடந்திருந்தது. 1982 மார்ச் 30ஆம் நாள் தொழிற்சங்கத்தினர் 'சமாதானம், பாண், வேலை' என்னும் கோஷத்துடன் சதுக்கத்தை நோக்கித் திரண்டனர். பொலிசார் கண்ணீர்ப்புகை வீசியும் குண்டாந்தடி கொண்டு தாக்கியும் அவர்களைக் கலைத்தனர், பெருந்தொகையானோர் கைதாயினர். மென்டோசா நகரில் சுடப்பட்ட தொழிலாளி ஒருவர் பின்னர் உயிரிழந்தார். மூன்று நாட்களின் பின், ஏப்ரில் 2ஆம் நாள், ஆர்ஜென்ரீனப் படைகள் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்டிருந்த போக்லண்ட் தீவுகளில் இறங்கின. அன்றே அதே சதுக்கம் ஆரவாரத்தால் நிறைந்தது. ஏப்ரில் 10ஆம் நாள், அமெரிக்க இராசாங்கச் செயலாளர் ஹெய்க் நகரில் தங்கியிருந்தபோது, சனாதிபதி கல்த்தியேரி மாளிகையின் மேன்மாடத்தில் நின்று இன்னும் பெரிய கூட்டத்துக்கு உரையாற்றினார். தடியடி விழுந்த இடத்தில் வாழ்த்தொலி எழுவதற்குப் பதினொரு நாட்களே தேவைப்பட்டன.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை அவசியம். மார்ச் 30இன் ஆர்ப்பாட்டத்தைக் கண்டு அஞ்சியே இராணுவத்தினர் மூன்று நாட்களில் போரொன்றை உருவாக்கினர் என்று சிலர் எழுதுவதுண்டு. அது காலவரிசையைக் காரணகாரியத் தொடர்பாக மயங்குவதாகும். தீவுகளைக் கைப்பற்றும் திட்டம் 1981இன் இறுதியிலேயே வகுக்கப்பட்டுவிட்டது. மார்ச் மாதத்தில் தென் ஜோர்ஜியாத் தீவிற் பழைய இரும்பு அகற்றச் சென்ற தொழிலாளரையொட்டி எழுந்த தகராறு அதனை விரைவுபடுத்தியது. எனினும், தீவுகளை மீட்பின் ஆட்சி இழந்த செல்வாக்கையும் மீட்கலாம் என்ற கணிப்பு அத்திட்டத்தோடு கூடப்பிறந்தது என்பதை மறுத்தற்கில்லை.

அக்கணிப்பு பலித்தமைக்குக் காரணம் பொய்யன்று. 1833இல் பிரித்தானியர் தீவுகளைக் கைப்பற்றினர் என்பதும் அவை தமக்குரியவை என்பதும் ஆர்ஜென்ரீனச் சிறார் பாடசாலையிலே கற்று வளர்ந்த செய்திகள். 1965இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் பிணக்கைப் பேச்சுவார்த்தை மூலம் தீர்க்குமாறு இருநாடுகளையும் கேட்டிருந்தது. சிறையிலும் புகலிடத்திலும் இருந்த எதிர்ப்பாளருட் பலரும் அவ்வுரிமையை நம்பியவர்களே. எனவேதான் ஏப்ரில் 7ஆம் நாள் தீவுகளில் இராணுவ ஆளுநர் பதவியேற்ற வைபவத்துக்குக் கட்சித் தலைவர்களும் தொழிற்சங்கத் தலைவர்களும் விமானமேறிச் சென்றனர். மக்களிடம் ஏற்கெனவே வேரூன்றிய உண்மையான ஆசையொன்றையே திரையாகப் பயன்படுத்துதல் திசைதிருப்பலின் வலிமையாகும். அத்திரையைக் கிழிக்க முனைபவன் ஆட்சியாளனுக்கு மட்டுமன்றி அயலானுக்கும் துரோகியாகத் தோன்றுவான்.

நான்காண்டுகளுக்கு முன் நிகழ்ந்த உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியும் இத்தகையதே. போட்டியை நடத்தும் உரிமை 1966இலேயே ஆர்ஜென்ரீனாவுக்கு வழங்கப்பட்டிருந்தது. இராணுவக் குழு அதனை முதுசொம்மாகப் பெற்றுக்கொண்டது. நாட்டின் பெயரை வெளியுலகில் மெருகூட்ட அமெரிக்க விளம்பர நிறுவனமொன்று அமர்த்தப்பட்டது. இறுதியாட்டம் நடைபெற்ற மொனுமென்ரல் அரங்கிலிருந்து நடந்து செல்லக்கூடிய தொலைவிலேயே கடற்படைப் பொறியியற் பாடசாலை இருந்தது. அது அக்காலத்தில் நாட்டின் மிகப் பெரிய இரகசிய வதைமுகாம்களுள் ஒன்றாகும். அரங்கின் ஆரவாரம் தம் செவிக்கு எட்டியதாக அங்கிருந்து உயிர் தப்பியோர் பின்னர் சாட்சியமளித்துள்ளனர். நெதர்லாந்தை வென்ற இரவில், கைதிகள் சிலரைக் காவலர் காரில் ஏற்றி வீதிக் கொண்டாட்டத்தைக் காட்டக் கொண்டுசென்றனர் என்பதும் அச்சாட்சியங்களில் உண்டு. 'நீங்கள் இல்லாமலே உலகம் மகிழ்கிறது, பாருங்கள்' என்பதைத் தவிர அச்செயலுக்கு வேறு பொருள் காண்பது அரிது.

இத்தகைய திரைக்கு எதிரே எதிர்ப்பு என்ன செய்யமுடியும்? 1977 ஏப்ரில் 30ஆம் நாள், பிள்ளைகளைப் பறிகொடுத்த பதினான்கு பெண்கள் மாயோ சதுக்கத்திற் கூடினர். முற்றுகைநிலைச் சட்டத்தின் கீழ்க் கூட்டமாக நிற்றல் தடைசெய்யப்பட்டிருந்தமையால் பொலிசார் அவர்களை நடந்து செல்லுமாறு பணித்தனர். அவர்களும் பணிந்தனர், சோடி சோடியாகக் கைகோத்து, சதுக்கத்தின் நடுவேயுள்ள நினைவுத் தூணைச் சுற்றி நடக்கத் தொடங்கினர். ஆணையை நிறைவேற்றுதலே மீறலாக மாறிய விநோதம் அது. பின்னர் அந்நடை வியாழக்கிழமை தோறும் பிற்பகலில் நிகழலாயிற்று. வெண்ணிறத் தலைத்துணி அவர்களது அடையாளமாயிற்று. ஆட்சியாளர் அவர்களைப் 'பைத்தியக்காரிகள்' என்றனர். காணாமற் போதல் என்பதன் பொருளை எமது நாட்டு வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை.

இவ்வெதிர்ப்பை இன்று வெற்றிக் கதையாகச் சொல்வோர் அதன் விலையைக் குறைத்துக் கூறுகின்றனர். அஸ்தீஸ் என்னும் இளங் கடற்படை அதிகாரி, காணாமற் போன ஒருவரின் சகோதரன் என்று நடித்து அத்தாய்மார் நடுவே புகுந்தான். 1977 டிசம்பர் 8 முதல் 10 வரை பன்னிருவர் கடத்தப்பட்டனர். இயக்கத்தைத் தொடக்கிய தாய்மார் மூவரும் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் இருவரும் அவர்களுள் அடங்குவர். மூவருள் ஒருவரான அசுசேனா வில்லாபுளோர் கடத்தப்பட்ட டிசம்பர் 10ஆம் நாளன்றுதான், காணாமற் போனோர் பற்றித் தாய்மார் பணம் திரட்டி வெளியிட்ட விளம்பரம் பத்திரிகையில் வந்திருந்தது. அவர்கள் விமானத்திலிருந்து உயிருடன் கடலில் வீசப்பட்டனர். எஞ்சிய தாய்மார் மீண்டும் சதுக்கத்துக்கு வந்தனர்.

1978 ஜூன் 1ஆம் நாள் உலகக் கிண்ணத் தொடக்க விழா. அந்நாள் வியாழக்கிழமை. தாய்மார் வழமைபோல் நடந்தனர். அவர்கள் ஆட்டத்தைப் பகிஷ்கரிக்குமாறு எவரையும் கேட்கவில்லை. தம் பிள்ளைகள் எங்கே என்று மட்டும் கேட்டனர். உதைபந்தாட்டத்துக்காக வந்திருந்த நெதர்லாந்துத் தொலைக்காட்சியினர் அதனைப் படம்பிடித்தனர். திசைதிருப்பலுக்குப் பார்வையாளர் வேண்டும். ஆனால் அழைத்துவரப்பட்ட பார்வையாளர் காட்டப்பட்டதை மட்டுமே பார்ப்பர் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 1979 செப்டெம்பரில் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை ஆணைக்குழு விசாரணைக்கு வந்தபோதும் இதே காட்சி. மரடோனா ஆடிய இளைஞர் அணி ஜப்பானில் உலகக் கிண்ணத்தை வென்றது. வெற்றியைக் கொண்டாட மாயோ நிழற்சாலைக்கு வருமாறு வானொலி வர்ணனையாளர் கூட்டத்தை அழைத்தார். அவ்வீதியிற்றான் ஆணைக்குழுவின் அலுவலகம் இருந்தது. கொடியசைத்து வந்த கூட்டத்தின் பக்கத்தே, முறைப்பாடு செய்யவந்த உறவினர் வரிசை கலையாது நின்றது.

போர்க்காலத்திலும் தாய்மார் தீவுகளின் உரிமையை மறுக்கவில்லை. 'மல்வினாஸ் ஆர்ஜென்ரீனாவுக்குரியவை, காணாமற் போனோரும் அவ்வாறே' என்ற வாசகத்தை ஏந்தினர். அக்கொந்தளிப்பிடையே அவர்களும் தேசவிரோதிகள் என்ற ஏச்சுக்குத் தப்பவில்லை. ஏப்ரில் இறுதியில் தென் ஜோர்ஜியாவிற் பிரித்தானியரிடம் சரணடைந்தவர்களுள் அஸ்தீசும் ஒருவன். சரணடைதற் பத்திரத்தில் அவன் ஒப்பமிடும் படம் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அவனை விசாரிக்க பிரான்சும் சுவீடனும் கோரின. மறைப்பதற்கெனத் தொடுத்த போர் மறைக்கப்பட்டவனையே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

தொழிற்சங்க எதிர்ப்புக்கும் இதற்குமுள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. 1979 ஏப்ரிலிலேயே பொது வேலைநிறுத்தம் நடத்திய தொழிலாளரின் துணிவைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆயின் அவர்களது பலம் எண்ணிக்கையிலே தங்கியிருந்தது. எண்ணிக்கையை ஆட்சியாளனும் திரட்டமுடியும். ஒரு கூட்டம் நிறைத்த சதுக்கத்தை இன்னொரு கூட்டம் நிறைத்துவிடும். தாய்மாரிடம் இருந்தவை பெயர்கள். ஒரு மகனின் பெயருக்கு ஈடாக ஒரு கோலையோ தீவையோ வைத்துவிட முடியாது.

இராணுவ ஆட்சியை வீழ்த்தியது அவர்களது நடையா என்றால், இல்லை என்றே கூறவேண்டும். 649 ஆர்ஜென்ரீனரும் 255 பிரித்தானியப் படையினரும் மாண்ட போர் ஜூன் 14ஆம் நாள் தோல்வியில் முடிந்தது. மறுநாள் சினங்கொண்டு சதுக்கத்தில் திரண்ட கூட்டத்தின்மீது மீண்டும் கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. சில நாட்களில் கல்த்தியேரி பதவியிழந்தார். தோல்வியும் பொருளாதாரச் சீர்குலைவுமே ஆட்சியை முறித்தன. ஆனால், முறிந்தபின் எவ்வினா முதலில் எழும் என்பதைத் தீர்மானித்தவர்கள் அத்தாய்மார். வெளியேறுமுன் இராணுவத்தினர் 1983 செப்டெம்பரில் தமக்குத் தாமே பொதுமன்னிப்பு வழங்கிக்கொண்டனர். அதனை ஏற்க மறுத்த அல்பொன்சின் அக்டோபர் 30ஆம் நாள் தேர்தலில் வென்றார். டிசம்பரில் அச்சட்டம் செல்லாதெனப் பாராளுமன்றம் அறிவித்தது. அவர் அமைத்த ஆணைக்குழு 1984இல் 8,960 பேர் காணாமற் போனமையை அறிக்கையிட்டது. மனித உரிமை அமைப்புகள் கூறும் தொகை 30,000. 1985இல் விடேலாவும் மசேராவும் ஆயுட்தண்டனை பெற்றனர்.

பின்னர் வந்த சட்டங்களும் மன்னிப்புகளும் அத்தீர்ப்புகளைப் பல ஆண்டுகள் வெறுமையாக்கின. தாய்மார் வியாழக்கிழமைகளைக் கைவிடவில்லை. அச்சட்டங்கள் அரசியலமைப்புக்கு முரணானவை என 2005இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011இல் அஸ்தீஸ் ஆயுட்தண்டனை பெற்றான். 1977 டிசம்பரிற் கரையொதுங்கிப் பெயரின்றிப் புதைக்கப்பட்ட உடல்களுள் ஒன்று அசுசேனா வில்லாபுளோருடையது என்பது 2005இல் உறுதியாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் அவரது அஸ்தி மாயோ சதுக்கத்தில், அவர்கள் சுற்றி நடந்த தூணின் அடியிலே புதைக்கப்பட்டது.