எந்தப் பக்கத்துப் பாசி?

தமிழில் எல்லாமே பாசிதான். குளத்தில் மிதப்பதும் பாசி, கிணற்றுப் படியில் வழுக்குவதும் பாசி, மழைக்காலத்தில் மதில் மேல் வெல்வெட் மாதிரி பச்சை பிடிப்பதும் பாசி. தாவரவியலில் முதலாவது ஆல்கா, கடைசியாகச் சொன்னது மாஸ். இரண்டும் ஒன்றல்ல, வெவ்வேறு வகை. பாசிக்குப் பெயர் கண்டுபிடித்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்றுதான் நானும் இருந்தேன். ஒரு கொலையில் அந்தப் பெயர் தேவைப்பட்டது என்று படிக்கும்வரை.

1991 செப்டம்பர் 19. ஆல்ப்ஸ் மலையில் 3,210 மீட்டர் உயரத்தில், உருகும் பனிக்குள் ஒரு உடல் குப்புறக் கிடப்பதை ஹெல்முட், எரிகா சைமன் என்ற ஜெர்மானியத் தம்பதி பார்த்தார்கள். யாரோ வழிதவறிய மலையேறி என்று நினைத்து, காற்றழுத்தத் துளைப்பான் வைத்துப் பனியை உடைத்தார்கள் மீட்க வந்தவர்கள். அதில் இடுப்பே சேதமானது. இன்ஸ்ப்ரூக் கொண்டுபோன பிறகுதான் அது 5,300 வருடம் பழைய உடல் என்று தெரிந்தது. ஓட்ஸி என்று பெயர் வைத்தார்கள். உடனே எல்லைத் தகராறு. ஆஸ்திரியாவா, இத்தாலியா? அளந்து பார்த்ததில் இத்தாலிக்குள் 92.56 மீட்டர். ஓட்ஸி காலத்தில் இத்தாலியும் கிடையாது, ஆஸ்திரியாவும் கிடையாது. ஆனால் அவருக்கும் ஒரு ஊர் இருந்திருக்குமே, அது மலைக்கு வடக்கேயா, தெற்கேயா?

இறந்தவர் பேசமாட்டார், எழுதியும் வைக்கவில்லை. ஆனால் நடந்துவந்த வழியெல்லாம் அவர்மேல் ஒட்டியிருந்தது. உடலிலும், தோலும் புல்லுமாய் இருந்த உடுப்பிலும், சுற்றியிருந்த பனியிலும் மாஸ் துணுக்குகள். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டிக்சன் அவற்றைப் பல வருடம் உட்கார்ந்து பிரித்தார். 2019-இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட கணக்கில் 75-க்கும் மேற்பட்ட இனங்கள். அவற்றில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு 3,000 மீட்டருக்கு மேலும் வளரக்கூடியவை. மீதி ஒரு பங்குக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு சர்வரில் இருக்கவே கூடாத கோப்பு ஒன்று இருந்தால், அதை யார் கொண்டுவந்து போட்டார்கள் என்றுதானே முதலில் கேட்போம்?

அப்படி வந்தவற்றில் முக்கியமானது நெக்கேரா காம்ப்ளனாட்டா. காட்டு நிழலில் மர அடியிலும் சுண்ணாம்புச் சத்துள்ள பாறையிலும் பாய் விரித்ததுபோல் படர்வது. சும்மா 'நெக்கேரா வகை ஏதோ ஒன்று' என்று சொன்னால் போதாது. எந்த இனம் என்று தெரிந்தால்தான் அது இன்று எங்கெங்கே வளர்கிறது என்று வரைபடத்தில் தேட முடியும்.

இதன் கிளை, புத்தகத்துக்குள் வைத்து அழுத்தி எடுத்ததுபோல் தட்டையாக இருக்கும். இரண்டு பக்கமும் இலைகள் வரிசைகட்டி நிற்கும், மேல்பரப்பில் ஒரு பளபளப்பு. சில கிளைகளின் நுனி சாட்டை மாதிரி மெலிந்து நீளும். இலை நாக்கு வடிவம், நுனியில் திடீரென்று ஒரு குட்டி முள். நெருங்கிய சொந்தமான நெக்கேரா கிரிஸ்பா இதைவிடப் பெரிது, 20 செ.மீ. வரைகூட நீளும். அதன் இலையில் குறுக்காக அலை அலையாகச் சுருக்கம் விழுந்திருக்கும், இஸ்திரி போடாத பருத்திச் சேலை மாதிரி. காம்ப்ளனாட்டாவில் அந்தச் சுருக்கம் கிடையாது. நெக்கேரா புமிலா சின்னது, அதன் இலையிலும் லேசான அலை உண்டு, நுனி இன்னும் நீண்டு கூரும். நிஜமாகவே ஏமாற்றுவது ஹோமாலியா. அதே தட்டை, அதே பளபளப்பு. லென்ஸ் வைத்து நடுநரம்பைப் பார்க்க வேண்டும். ஹோமாலியாவில் ஒற்றை நரம்பு இலையின் பாதியாவது ஓடும். காம்ப்ளனாட்டாவில் அடியிலேயே குட்டையாக இரண்டாய்ப் பிரிந்து நின்றுவிடும், இல்லையென்றால் நரம்பே இருக்காது. ஒரு கிழிந்த இலையின் அடிப்பாகம் கிடைத்தால் போதும், இவை இரண்டில் எது என்று சொல்லிவிடலாம்.

பெயரே ஒரு தனிக்கதை. லின்னேயஸ் 1753-இல் ஹிப்னம் காம்ப்ளனாட்டம் என்றார். மாஸ்களுக்கு முறையான பெயரிடல் தொடங்குவது 1801-இல் வந்த ஹெட்விக்கின் நூலிலிருந்து. திரான்சில்வேனியாவில் பிறந்து ஜெர்மனியில் மருத்துவம் பார்த்த ஹெட்விக், நூல் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார். அதில் இது லெஸ்கியா. 1833-இல் நெக்கேரா ஆனது. 2011-இல் மரபணுவைப் பார்த்துவிட்டு அலெனியெல்லா என்கிறார்கள், கிரிஸ்பாவையும் வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். முன்பெயர் மூன்று தடவை மாறியும் 'தட்டையானது' என்ற பின்பெயர் மட்டும் அசையவில்லை. வேரியபிள் பெயரை மாற்றி மாற்றி வைக்கும் என் டீமுக்கு இதை ஒருநாள் சொல்லணும்.

ஓட்ஸி கிடந்த இடத்திலிருந்து பார்த்தால் இந்தப் பாசி கிட்டத்தில் வளர்வது தெற்கே, வின்ஷ்காவ் பள்ளத்தாக்குப் பக்கம். ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கின் வாயில் யுவால் என்ற குன்று, மேலே ஒரு கோட்டை. அங்கேயும் இந்தப் பாசி உண்டு, கற்கால மக்கள் வாழ்ந்த தடயமும் உண்டு. (மலையேறி ரெயின்ஹோல்ட் மெஸ்னர் 1983-இல் வாங்கிய கோட்டை அது. ஓட்ஸி கிடைத்த சில நாளில் அந்த உடலை நேரில் போய்ப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர்.) பாசி காட்டிய திசையைத்தான் 2003-இல் பல் எனாமலில் இருந்த ஐசோடோப்புகளும் காட்டின. ஐசோடோப்புச் செய்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பாசிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

இடது தோளுக்குள் இருந்த அம்புமுனை 2001-இல்தான் எக்ஸ்ரேயில் தெரிந்தது. ஓட்ஸி கொல்லப்பட்டிருக்கிறார். அப்புறம் அவருடைய கடைசி நாட்களின் ஒவ்வொரு மணிநேரமும் முக்கியமாகிவிட்டது. குடலைப் பார்த்தார்கள். காட்டாட்டு இறைச்சி, மான் இறைச்சி, ஐன்கார்ன் கோதுமை. கூடவே ஊசியிலை அல்லாத, தெற்கே தாழ்வில் வளரும் ஹாப் ஹார்ன்பீம் மரத்தின் மகரந்தம். இவற்றோடு நெக்கேரா காம்ப்ளனாட்டாவின் இலைத் துணுக்குகளும்.

பாசியை யாரும் ருசிக்காகத் தின்பதில்லை, அதில் பெரிதாகச் சத்தும் கிடையாது. வழிக்குக் கட்டிக்கொண்டுவந்த சாப்பாட்டை அதில் பொதிந்திருக்கலாம் என்பது டிக்சன் சொன்ன ஒரு சாத்தியம். நாம் வாழையிலையில் கட்டுவதுபோல. இறைச்சியில் ஒட்டியிருந்ததை உதறக்கூட நேரமில்லாமல் அப்படியே கடித்திருப்பார்.