பேஸ் கித்தார் வாங்கப் போறீங்களா? ஆம்ப்பைப் பார்ப்பதற்கு முன் வீட்டைப் பாருங்க

பாட்டைக் கேட்கும்போது முதலில் காதில் விழுவது குரல். பிறகு மெட்டு. ஆனால் நம்மை அறியாமல் தலை ஆடுகிறதே, அதற்குப் பெரும்பாலும் காரணம் அடியில் ஓடும் பேஸ்.

இளையராஜாவின் பாடல்களில் சசிதரன், ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் ஆகியோர் வாசித்த பேஸைத் தனியாகக் கவனித்துக் கேட்பவர்கள் இன்று அதிகம். கேட்டவர்களில் சிலருக்கு அடுத்து வரும் ஆசை: "நாமும் வாசிச்சுப் பார்க்கலாமே!"

கடைக்குப் போனதும் குழப்பம் தொடங்கிவிடும். 4 தந்தியா, 5 தந்தியா? ஆம்ப் எத்தனை வாட்?

சிங்கப்பூரில் அதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எங்கே வாசிக்கப் போறீங்க? வீவக வீட்டிலா, ஜாமிங் ஸ்டூடியோவிலா, மேடையிலா? அதற்குப் பதில் தெரிந்தால் வீண் செலவைப் பெரிதும் தவிர்க்கலாம்.

சாதாரண கித்தாருக்கும் பேஸுக்கும் என்ன வித்தியாசம்?

வழக்கமான பேஸ் கித்தாருக்கு 4 தந்திகள். தடித்ததிலிருந்து மெல்லியதுவரை இ, ஏ, டி, ஜி என்று சுருதி சேர்ப்பார்கள். சாதாரண கித்தாரின் தடித்த 4 தந்திகளுக்கும் அதே சுரங்கள்தான். ஆனால் பேஸ் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும்.

கித்தாரின் ஆகத் தாழ்ந்த தந்தி நொடிக்குச் சுமார் 82 முறை அதிரும். பேஸின் தாழ்ந்த தந்தி சுமார் 41 முறைதான்.

இதனால் இரண்டு விளைவுகள்.

ஒன்று, அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சின்ன ஸ்பீக்கரால் சரியாக வெளியிட முடியாது. கைபேசியில் கேட்டால் பேஸ் காணாமல் போவது அதனால்தான்.

இரண்டு, தாழ்ந்த ஒலியைத் தடுப்பது கடினம். கதவைச் சாத்தினால் குரல் குறையும். பேஸ் அப்படியல்ல. தரை, சுவர் வழியாக அது மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் போய்விடும்.

எந்த பேஸ் எனக்குப் பொருந்தும்?

கடைகளில் நீங்கள் காணும் பேஸ்களில் பல, ஃபெண்டர் நிறுவனத்தின் இரண்டு மாதிரிகளைத் தழுவியவை. ஒன்று 1951இல் வந்த பிரிசிஷன் பேஸ். மற்றொன்று 1960இல் வந்த ஜாஸ் பேஸ்.

- பிரிசிஷன்: நடுவில் ஒரே பிக்கப், இரண்டு துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒலி தடிப்பாக இருக்கும். குமிழ்கள் குறைவு என்பதால் கையாள்வது சுலபம்.

- ஜாஸ்: இரண்டு பிக்கப். இரண்டையும் கலந்து ஒலியை மாற்றலாம். கழுத்து மேல்முனையில் பொதுவாக 38 மில்லிமீட்டர்தான். சின்ன கை உள்ளவர்களுக்கு அது வசதி.

தந்தி எத்தனை? புதிதாகக் கற்பவருக்கு 4 போதும். 5 தந்தி பேஸில் இன்னும் தாழ்ந்த 'பி' தந்தி கூடுதலாக இருக்கும். சில தமிழ்த் திரையிசைப் பாடல்களுக்கும் மெட்டல் இசைக்கும் அது உதவும். ஆனால் கழுத்து அகலம். வாசிக்காத தந்தியை விரலால் அடக்கி வைக்கவும் பழக வேண்டும்.

நீளத்தையும் பாருங்கள். வழக்கமான பேஸின் தந்தி நீளம் 34 அங்குலம். 30 அங்குல 'ஷார்ட் ஸ்கேல்' பேஸும் உண்டு. விரல்கள் எட்டவில்லை என்றால் அதை முயன்று பார்க்கலாம். அது சிறுவர்களுக்கு மட்டும் செய்த கருவியல்ல; பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி வாசித்த ஹாஃப்னர் பேஸும் 30 அங்குலம்தான்.

'ஆக்டிவ்' என்று எழுதியிருந்தால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும். ஒலியைக் கூட்டிக் குறைக்க அதிக வசதி. ஆனால் வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். செருகியே வைத்திருந்தால் பல பேஸ்களில் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

கடையில் எதைச் சோதிக்கணும்?

பெனின்சுலா கடைத்தொகுதிப் பக்கம் போனால் கித்தார் கடைகள் அருகருகே இருக்கும். வாங்காவிட்டாலும் இரண்டு மூன்று கடைகளில் எடுத்து வாசித்துப் பாருங்கள். கூச்சம் வேண்டாம். வாசிக்கத் தெரியாவிட்டாலும் இதையெல்லாம் செய்யலாம்:

- உட்கார்ந்து ஒரு முறை, வாரை மாட்டி நின்று ஒரு முறை பிடித்துப் பாருங்கள். கையை விட்டால் கழுத்து கீழே சாய்கிறதா? சாய்ந்தால் தினமும் இடது கை அதைத் தாங்க வேண்டியிருக்கும்.

- ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அழுத்தி மீட்டுங்கள். எங்காவது 'ஜிர்ர்' என்று உரசுகிறதா?

- டியூனரைப் பொருத்தி, தந்தியை அழுத்தாமல் ஒரு முறையும் 12வது ஃபிரெட்டில் அழுத்தி ஒரு முறையும் மீட்டுங்கள். இரண்டும் அதே சுரத்தைக் காட்ட வேண்டும்.

- ஆம்ப்பில் செருகிக் குமிழ்களைத் திருப்புங்கள். கரகர சத்தம் வந்தால் கேளுங்கள்.

கேரோசெல் போன்ற தளங்களில் பழைய பேஸ் வாங்கினாலும் இதே சோதனைதான். நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்ப வேண்டாம். கழுத்தை நுனியிலிருந்து நீளவாக்கில் பாருங்கள். லேசான வளைவைச் சரிசெய்யலாம். முறுக்கிக்கொண்டிருந்தால் விலை எவ்வளவு குறைவு என்றாலும் விட்டுவிடுங்கள்.

'செட்அப்' கட்டாயமா?

ஆமாம். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

தந்தியின் உயரம், கழுத்தின் வளைவு, சுருதித் துல்லியம் மூன்றையும் உங்கள் கைக்கு ஏற்பச் சரிசெய்வதே செட்அப். தந்தி உயரமாக இருந்தால் அழுத்த அதிக பலம் வேண்டும். விரலும் மணிக்கட்டும் வலிக்கும். "எனக்கு பேஸ் வராது போல" என்று விட்டுவிடுபவர்கள் சிலருக்கு உண்மையான பிரச்சினை கையில் இல்லை, கருவியில்தான் இருக்கிறது.

நம் ஊர் வானிலையும் ஒரு காரணம். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் அதிகம். குளிர்சாதன அறைக்குள் அது குறையும். அறையில் இரவு முழுக்கக் குளிர்சாதனம், பகலில் சன்னல் திறப்பு என்றால் மரம் மாறிமாறி ஈரத்தை உறிஞ்சும், இழக்கும். கழுத்து அசையும்.

பேஸைக் குளிர்சாதனக் காற்று நேராகப் படும் இடத்திலும் வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் வைக்காதீர்கள். வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். வியர்வைதான் தந்தித் துருவுக்கு முதல் காரணம்.

வீட்டுக்கு எத்தனை வாட் ஆம்ப் வாங்கலாம்?

முதலில், வீட்டுக்குப் பெரிய ஆம்ப் தேவையே இல்லை.

இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணிவரை சத்தத்தைக் குறைக்கும்படி வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் குடியிருப்பாளர்களைக் கேட்டுக்கொண்டு வந்துள்ளது. பள்ளி, வேலை முடிந்து சாப்பிட்டுவிட்டு பேஸை எடுத்தால் பெரும்பாலும் அந்த நேரம்தான் ஆகியிருக்கும். பகலிலும் கீழ்வீட்டில் குழந்தை தூங்கலாம்.

அதனால் ஹெட்ஃபோன்தான் உங்கள் முதல் ஆம்ப். 3 வழிகள் உண்டு:

- பேஸிலேயே செருகும் சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப். விலையும் குறைவு, பைக்குள்ளும் அடங்கும்.

- கணினி இருந்தால் ஆடியோ இன்டர்ஃபேஸ். வாசித்ததைப் பதிவு செய்து கேட்கலாம். தவறுகள் அப்போதுதான் தெரியும்.

- ஹெட்ஃபோன் துளை உள்ள சிறிய பயிற்சி ஆம்ப். பகலில் ஸ்பீக்கர், இரவில் ஹெட்ஃபோன்.

கவனிக்க: சாதாரண புளூடூத் ஹெட்ஃபோனில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். பாட்டு கேட்க அது பரவாயில்லை. தாளத்தோடு வாசிக்க அது ஒத்துவராது. கம்பி உள்ளதையே பயன்படுத்துங்கள்.

வீட்டில் ஏற்கனவே சின்ன கித்தார் ஆம்ப் இருக்கிறதா? மெதுவான ஒலியில் பேஸைச் செருகலாம். கூட்டி வைத்தால் ஸ்பீக்கர் கெட்டுப்போகலாம். மறுபக்கம், கித்தாரை பேஸ் ஆம்ப்பில் செருகுவதில் ஆபத்தில்லை.

டிரம்ஸோடு வாசிக்கும்போது?

அப்போது கதை வேறு. தாழ்ந்த ஒலியை அதே அளவு சத்தமாகக் கேட்க அதிக சக்தி வேண்டும். கித்தார் வாசிப்பவர் 50 வாட்டில் சமாளிக்கும் இடத்தில் பேஸுக்கு 200, 300 வாட் தேவைப்படலாம்.

வாட் இரட்டிப்பானால் சத்தமும் இரட்டிப்பாகாது. கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 மடங்கு சக்தி வேண்டும். ஆகவே 20 வாட்டுக்குப் பதிலாக 40 வாட் வாங்கினால் பெரிய மாற்றம் இருக்காது.

நல்ல செய்தி: ஜாமிங் ஸ்டூடியோக்களில் பொதுவாக பேஸ் ஆம்ப் தயாராக இருக்கும். மேடையில் 'டிஐ பாக்ஸ்' வழியாக பேஸின் ஒலியை நேரடியாக மண்டபத்தின் ஒலி அமைப்புக்கு அனுப்பலாம். பேஸ், கேபிள், டியூனர் மூன்றையும் தோளில் போட்டுக்கொண்டு எம்ஆர்டியில் போனால் போதும்.

எதில் கவனம் இல்லாவிட்டால் ஆம்ப் போயிடும்?

- மின்னழுத்தம்: இங்கே 230 வோல்ட். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. பயணம் போன இடத்தில் மலிவாகக் கிடைத்த ஆம்ப்பை அப்படியே இங்கே செருகினால் எரிந்துபோகலாம். பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

- ஓம்: 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டை இணையாக இணைத்தால் மொத்தம் 4 ஓம். ஆம்ப்பில் குறிப்பிட்ட குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகக்கூடாது.

- கேபிள்: ஆம்ப்பையும் ஸ்பீக்கர் பெட்டியையும் இணைக்க ஸ்பீக்கர் கேபிள்தான். கித்தார் கேபிள் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே மெல்லியது, சூடாகும்.

- வரிசை: ஒலியைக் குறைத்துவிட்டுச் செருகுங்கள், பிறகு ஆம்ப்பைப் போடுங்கள். முடிக்கும்போதும் குறைத்து, அணைத்து, பிறகே கழற்றுங்கள்.

வேறு என்னென்ன வேணும்?

டியூனர், அகலமான வார், நல்ல கேபிள் ஒன்று, பஞ்சு வைத்த பை. பேஸ் கனமானது. மெல்லிய வார் தோளை அறுக்கும்.

தந்தியில் இரண்டு முக்கிய வகை. 'ரவுண்ட்வூண்ட்' சொரசொரப்பாக இருக்கும், ஒலி பளிச்சென்று வரும். 'ஃபிளாட்வூண்ட்' வழவழப்பாக இருக்கும், ஒலி மென்மை. மோட்டவுன் இசையின் ஜேம்ஸ் ஜேமர்சன் பயன்படுத்தியது ஃபிளாட்வூண்ட்.

எஃபெக்ட் பெடல்கள் இப்போதைக்கு வேண்டாம். அதற்குப் பதிலாகக் கைபேசியில் இலவச மெட்ரோனோம் செயலியைப் போடுங்கள். பேஸ் வாசிப்பவரின் முதல் வேலை நேரம் தவறாமல் இருப்பது.

காது? அதை மாற்ற முடியாது!

உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம்வரை பாதுகாப்பாகக் கேட்கலாம். 90 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். டிரம்ஸ் உள்ள சின்ன அறை அதை எளிதில் தாண்டிவிடும்.

இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் ஒரு ஜோடி வாங்குங்கள். ஒத்திகை முடிந்தும் காதில் 'ங்ங்' என்று ஒலித்தால் சத்தம் அதிகம் என்று பொருள்.

சரி, காசை எப்படிப் பிரிப்பது?

கையில் உள்ள பணத்தை 10 பங்காக வையுங்கள். பேஸுக்கு 6. ஹெட்ஃபோன் வசதிக்கு 2. செட்அப்புக்கு 1. கேபிள், டியூனர், வார், காதடைப்பானுக்கு 1. இது கண்டிப்பான கணக்கல்ல; முழுப் பணத்தையும் கருவியிலேயே போட்டுவிடாமல் இருக்க ஓர் உத்தி.

பெரிய ஆம்ப்பை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். இசைக்குழு ஒன்று அமைந்து, ஒத்திகைக்கு நிரந்தர இடமும் கிடைத்த பிறகு அதைப் பற்றி யோசியுங்கள். அதுவரை தினமும் 20 நிமிடம், ஹெட்ஃபோனோடு, மெட்ரோனோமோடு வாசியுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு நீங்கள் பேஸ் வாசிப்பதே தெரியாது. உங்களுக்கு மட்டும் முன்னேற்றம் தெரியும்.