கழுத்திலிருந்து நெஞ்சுக்கு

திண்டிவனத்திலிருந்து கிழக்கே பஸ் பிடித்தால் மரக்காணம். கோடையில் போனால் சாலையோரப் பாத்திகளில் உப்பு வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும். பழைய ஊர். அங்குள்ள பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.  ஆந்திரத்திலிருந்து இறங்கிவரும் பக்கிங்காம் கால்வாயும் மரக்காணத்தோடு முடிகிறது. லாரி வருவதற்கு முன் படகுகளுக்கு அதுதான் சென்னை வழி.

உப்பளங்கள் இத்தனை அருகில் இருக்க, எங்கள் பக்கத்தில் உப்புக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. அதனால்தான் தைராய்டு குறைவு என்று சொன்னதும், “உப்பு விளையுற ஊருல இருக்கற எனக்கு அது எப்படிம்மா வரும்?” என்று கேட்பார்கள். திண்டிவனத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நியாயமான கேள்விதான், தைராய்டு சுரக்க அயோடின் வேண்டும். ஆனால் கடல்நீரில் அயோடின் மிகமிகக் குறைவு. பாத்தியில் காய்ந்து கல்லுப்பாகும்போது அதிலும் மிஞ்சுவது சொற்பம். மீனில் அயோடின் இருக்கிறது, கல்லுப்பை நம்ப முடியாது.

உப்பில் அயோடின் சேர்க்க இந்தியா கற்றது மலையடிவாரத்தில். 1956இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் ஆய்வைத் தொடங்கினார்கள். அயோடின் கலந்த உப்பைச் சாப்பிட்டவர்களிடம், தைராய்டு வீங்கி வரும் கழுத்துக் கழலை குறைந்தது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 1998இல் தடை போட்டார்கள், 2000இல் எடுத்தார்கள், 2006 மே மாதம் மறுபடி போட்டார்கள். ஆலையில் பத்து லட்சத்துக்கு 30 பங்கு, வாங்குபவர் கைக்கு வரும்போது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. பாக்கெட் உப்பு வீட்டுக்குள் வந்தது இப்படித்தான். ஊறுகாய்ச் சாடியை விட்டுக் கல்லுப்பு இன்னும் போகவில்லை என்பது வேறு கதை.

அயோடின் உப்பின் கதை முழுக்கக் கழுத்தைப் பற்றியது. நெஞ்சின் கதை தனியாக நடந்தது. முகம் உப்பி, உடல் மந்தமாகிப்போன பெண்களைப் பற்றி லண்டனில் வில்லியம் கல் 1873இல் எழுதினார். 1891இல் ஜார்ஜ் மர்ரி என்ற இளம் மருத்துவர் அத்தகைய நோயாளிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியே ஏற்றினார். அவருடைய முதல் நோயாளியான 46 வயதுப் பெண் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1918இல் ஜெர்மனியின் ஹெர்மன் சோண்டெக், வீங்கி மெதுவாகத் துடித்த இதயங்கள் தைராய்டு மருந்து கொடுத்ததும் சுருங்கி இயல்புக்குத் திரும்பியதைப் பதிவு செய்தார். நூறாண்டுக்கும் முந்திய செய்தி இது.

காரணம் எளியது. தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பைக் கல்லீரல் சரியாக இழுத்துக்கொள்ளாது. கொலஸ்ட்ரால் ஏறும், ரத்தக்குழாய் விறைக்கும், நாடி தளரும். முற்றினால் இதயத்தைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும். தைராய்டு குறைந்தால் ஏறும் டிஎஸ்எச் என்ற சுரப்பை அளக்கும் பரிசோதனை வருவதற்கு முன் மருத்துவர்கள் கொலஸ்ட்ராலையே தைராய்டு குறைவின் அடையாளமாகப் பார்த்த காலமும் உண்டு.

எங்கள் ஊரில் அந்தப் பாடம் தலைகீழாகிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கொலஸ்ட்ராலை நாங்களே பார்த்துவிடுவோம். டிஎஸ்எச் என்றால் ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்து, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துச் சென்னை பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும். செலவு அதிகம், ரிப்போர்ட் வரவும் நாளாகும். அதனால் அதைக் கேட்டு வந்த சீட்டுகள் குறைவு. தோல் வறண்டு, குரல் கம்மிப்போய் வந்த பெண்கள் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டோடு போய், தேங்காயையும் முட்டையையும் நிறுத்தச் சொல்லும் அறிவுரையோடு திரும்பினார்கள். சோம்பேறி என்ற பட்டம் வீட்டில் கிடைத்தது.

2010இல் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி முண்டியம்பாக்கத்தில் தொடங்கியது. இன்று காலையில் ரத்தம் கொடுத்தால் மாலைக்குள் டிஎஸ்எச் முடிவு தரும் கூடங்கள் திண்டிவனத்திலேயே இருக்கின்றன. அதே 2010இல் பல நாடுகளின் 55,000க்கு மேற்பட்டோர் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. டிஎஸ்எச் 10ஐத் தாண்டியவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதயநோய் அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பாக இருந்தது. 2013இல் வெளிவந்த எட்டு நகர ஆய்வில், சென்னையும் அதில் ஒன்று, பெரியவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு. பாக்கெட் உப்பு வந்த பிறகும் ஏன் இத்தனை பேர்? இப்போது முக்கியக் காரணம், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே தாக்குவது. 1912இல் ஜப்பானின் ஹாஷிமோட்டோ விவரித்த நோய் அது. உப்பை மாற்றினால் அது தீராது.

டிஎஸ்எச் லேசாக ஏறிய எல்லோருக்கும், அதிலும் முதியவர்களுக்கு, மாத்திரை தேவைப்படாது. இதயநோய் உள்ளவர்கள் அளவைத் தாங்களே கூட்டுவது ஆபத்து. சிறிய அளவில் தொடங்கி மெல்லத்தான் ஏற்றுவார்கள். ஆனால் ஒன்றைத் தயங்காமல் சொல்வேன். கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால், தேங்காயைத் தள்ளிவைப்பதற்கு முன், “டாக்டர், டிஎஸ்எச் ஒருமுறை பார்த்துடலாமா?” என்று கேளுங்கள்.