முறியடித்தல்

செய்திகளில் அடிக்கடி நம் காதில் விழும் ஒரு சொல் இன்று நமது ஆராய்ச்சிக்கு வருகிறது. 'சதி முறியடிக்கப்பட்டது', 'திட்டம் முறியடிக்கப்பட்டது' என்கிறோம். இச்சொல்லின் உட்பொருள் என்ன?

'முறி' என்பது அடிச்சொல். கிளை முறிகிறது, எலும்பு முறிந்தால் முறிவு நெரிவு வைத்தியரைத் தேடுகிறோம், நஞ்சுக்கு முறிமருந்து உண்டு. வியப்பு என்னவென்றால், எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்கும் முறி என்றே பெயர். திறைசேரி முறி என்று இன்றும் வழங்குகிறோம். உடன்பாடும் முறி, அது உடைவதும் முறிவு!

தானே உடைவது முறிதல். ஒருவன் உடைப்பது முறித்தல். முறியடித்தலோ தோற்கடித்தல், சிதறடித்தல் என்பவற்றின் குடும்பம். எதிரே ஒருவன் நிற்க வேண்டும். அவனது முயற்சியை மற்றொருவன் செயலால் வீழ்த்த வேண்டும். இந்த வேறுபாட்டைத் திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு நன்றாக விளக்கும்.

1672ஆம் ஆண்டு பிரெஞ்சுத் தளபதி டி லா ஹே கப்பற்படையோடு இங்கு வந்தார். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன், ஒல்லாந்தரை வெளியேற்றும் நோக்கத்தோடு அவருக்கு இடமளித்தான். கொட்டியாரக் குடாவில் பிரெஞ்சுக்காரர் காலூன்ற முயன்றனர். ஒல்லாந்தர் பெரும்போர் தொடுக்கவில்லை. உணவு வரும் வழியை அடைத்தனர். பசியும் நோயும் வாட்ட, சில மாதங்களில் டி லா ஹே வெளியேறினார். இதுவே உண்மையான முறியடிப்பு.

1782இல் நடந்தது வேறு. அவ்வாண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றினர். ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அதனைப் பிடித்துக்கொண்டார். கோட்டையைக் காக்கச் சென்னையிலிருந்து புறப்பட்ட ஆங்கிலத் தளபதி ஹியூஸ், எதிர்க்காற்றினால் தாமதித்து, செப்டெம்பர் 2ஆம் திகதியே வந்து சேர்ந்தார். சஃப்ரன் முந்திக்கொண்டார், காற்றும் துணை நின்றது. ஹியூஸின் எண்ணம் முறிந்தது என்பதே பொருந்தும்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. பிரித்தானியக் கிழக்குக் கடற்படையை அழிப்பதே அவர்களது நோக்கம். முன்னறிவிப்புக் கிடைத்ததால் கப்பல்கள் பல ஏற்கனவே வெளியேறியிருந்தன. திட்டம் முறியடிக்கப்பட்டதா? பிரதான கடற்படை தப்பியது உண்மை. ஆனால் துறைமுகமும் சீனக்குடாவும் எரிந்தன. பாதுகாப்புக்காக வெளியேறிய ஹேர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 'முறியடித்தோம்' என்று எழுதுபவன் இந்த உயிர்களை எந்தக் கணக்கில் வைப்பான்?

1983 முதல் 2009 வரை நீடித்த போரிலும் இருதரப்பு அறிக்கைகளிலும் இச்சொல்லையே கேட்டோம். வென்றவன் யார் என்பதை அது சொல்லும். வீடிழந்தவன் யார் என்பதைச் சொல்லாது.

ஆகவே நேயர்களே, இச்சொல்லைக் கேட்கும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். திட்டம் யாருடையது? அதை வீழ்த்தியவர் யார்? அதற்கு விலை கொடுத்தவர் யார்? மூன்றுக்கும் விடை கிடைத்தால்தான் அது வரலாறு. முதலிரண்டோடு நின்றுவிட்டால் அது வெற்றி முரசு மட்டுமே.