கொலோனோஸ்கோபிக்கு நோயாளியின் ஒப்புதல்

கேமரா பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு முன், அதன் நோக்கம், ஆபத்து, மாற்று வழிகளை விளக்கி நோயாளியிடம் பெறும் சம்மதம். 18 வயது நிறைந்து தெளிந்த மனநிலையில் இருப்பவருக்கு அவருடைய கையெழுத்தே வேண்டும். கணவரோ மகனோ போட்டால் செல்லாது.

இந்தியாவில் இதற்கு வழிகாட்டுவது, சமீரா கோலி எதிர் டாக்டர் பிரபா மஞ்சந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் அளித்த தீர்ப்பு. வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோபிப் பரிசோதனைக்கென மயக்கத்தில் ஆழ்த்தப்பட்ட பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயின் சம்மதத்தை வாங்கிக் கர்ப்பப்பையை அகற்றியிருந்தார்கள். பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குப் பொருந்தாது என்றது நீதிமன்றம். உயிரையோ உடல்நலத்தையோ காக்க உடனே செய்தாக வேண்டிய நிலை மட்டுமே விதிவிலக்கு. பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் முன்கூட்டியே சேர்த்துச் சம்மதம் பெறலாம் என்றும் அது கூறியது.

கொலோனோஸ்கோபிக்கு இது அப்படியே பொருந்தும். குழாய் உள்ளே இருக்கும்போதே பாலிப் எனும் சதை வளர்ச்சி தென்பட்டால், அப்போதே கம்பிக் கண்ணியால் அறுத்தெடுப்பது வழக்கம். ஆகவே "டெஸ்ட்தான்" என்று சொல்லி நிறுத்திவிடக் கூடாது. வெறும் பரிசோதனையில் குடலில் ஓட்டை விழும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. பாலிப்பை எடுத்தால் அந்த வாய்ப்பும் ரத்தக்கசிவுக்கான வாய்ப்பும் கூடும். ஓட்டை விழுந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். மயக்க மருந்து மூச்சைத் தாழ்த்தலாம். சிறு கட்டி கண்ணுக்குத் தப்பவும் கூடும். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதை முன்பே சொல்ல வேண்டும்.

மதுரை வட்டாரத்தில் ஒப்புதல் பெறுவதில் சிக்கல் பெரும்பாலும் நேரத்தில்தான். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வருபவர் முதல்நாளே பேதி மருந்தை லிட்டர் கணக்கில் குடித்து, இரவெல்லாம் கழிப்பறைக்கு நடந்து, வெறும் வயிற்றோடு விடியற்காலைப் பேருந்து பிடித்திருப்பார். மேசையருகே, கையில் ஊசி ஏறிய பிறகு படிவத்தை நீட்டினால் அவரால் எப்படி மறுக்க முடியும்? பேதி மருந்துச் சீட்டு எழுதும் அன்றே விளக்கிப் படிவத்தையும் கையில் கொடுத்தனுப்புவதே நேர்மையான முறை. படிவம் தமிழில் இருக்க வேண்டும். எழுத்தறியாதவருக்கு வாசித்துக் காட்டி, சாட்சி முன்னிலையில் கைநாட்டுப் பெற வேண்டும். பெண் நோயாளிகள் பலர் கூச்சத்தால் கேட்காமல் விடும் கேள்விகளுக்குச் செவிலியர் தனியே பதில் சொல்வது பெரிதும் உதவும்.

கையெழுத்திட்ட பின்னும் மனம் மாற நோயாளிக்கு உரிமை உண்டு. பரிசோதனையின் நடுவே அவர் நிறுத்தச் சொன்னால், பாதுகாப்பாகக் குழாயை வெளியே எடுத்துவிட வேண்டும்.